ராணி காட்டில் என்ன சாப்பிட்டாள்

போடிக்குப் பயாஸ்கோப்புக் கூடாரம் வந்த நாளிலிருந்து காப்பிக்கடையில் ஒரே புலம்பல். ஆள் வாயசைக்கிறான், சத்தம் வரவில்லை, பாட்டு இல்லை, இதெல்லாம் ஒரு கூத்தா என்கிறார்கள். பழைய நாடகங்களை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். நான் ஒரு காலத்தில் நாடகக் கம்பெனியில் இருந்தவன் என்று கடைக்காரருக்குத் தெரியும். அதனால் என்னைச் சாட்சிக்கு இழுப்பார்.

“நீங்க சொல்லுங்கண்ணே. அந்த ராஜபார்ட்டு பாட்டுக்கு முன்னால இந்த ஊமைப் படம் நிக்குமா?”

“எனக்குப் பயாஸ்கோப்புதான் பிடிச்சிருக்கு” என்பேன். “அதுல செத்தவன் செத்துப் போயிர்றான். எந்திரிச்சு வந்து பாட மாட்டேங்கிறான்.”

கடையே சிரிக்கும். கிராமபோன் பெட்டியைப் பற்றிக் கேட்டாலும் என் பதில் அப்படித்தான் இருக்கும். தட்டு முடிந்ததும் தானாக நின்றுவிடுகிறதே, அதுதான் அதன் பெரிய குணம். இதைக் கேட்டு ஒருவர் என் காதுக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னார். நான் சண்டைக்குப் போவதில்லை. இதைவிடக் கிறுக்கான அபிப்பிராயம் ஒன்று என்னிடம் உண்டு. அதை மட்டும் காப்பிக்கடையில் சொல்வதில்லை. என் ஆயுசில் நான் கண்ட நல்ல நாடகம் மேடையில் நடக்கவில்லை. மலைமேல், ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில், நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அதில் நடிகர் ஒருவரும் இல்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ராசிங்காபுரத்தில் மாடு மேய்த்தேன். கம்பத்தில் செக்கு ஓட்டினேன். மதுரையில் மூட்டை தூக்கினேன். மலையேறும்வரை எங்கேயும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல நின்றதில்லை. நாடகக் கம்பெனியில் எட்டு மாதம் இருந்தேன். என் வேலை திரை இழுப்பது. மேடை ஓரத்தில், கயிறு கையில், எட்டு மாதமும் ஒரே நாடகம்.

கதை இதுதான். ராஜா சந்தேகப்பட்டு ராணியைக் காட்டுக்கு விரட்டிவிடுகிறான். ராணி காட்டில் பாடுகிறாள். பிறகு ராஜாவுக்குப் புத்தி வந்து தேடிப் போகிறான், அவனும் பாடுகிறான். ராணி அவன் மடியில் படுத்து ஒரு பாட்டுப் பாடி, பாட்டின் கடைசியில் சாகிறாள். உடனே சாமி மேலிருந்து பலகையில் இறங்கி அவளை எழுப்ப வேண்டும். மங்களம் பாட வேண்டும். நான் திரையை விட வேண்டும்.

ஆனால் சனங்கள் விடமாட்டார்கள். ராணி செத்தவுடன் “ஒன்ஸ்மோர்!” என்று கூச்சல் கிளம்பும். ராணி வேஷம் போட்டவர் எழுந்து, தலைமுடியைச் சரிசெய்து, தண்ணீர் குடித்து, அதே மடியில் படுத்து அதே பாட்டைப் பாடி மறுபடி சாவார். சில ஊர்களில் நாலு தரம் செத்ததுண்டு. அதுவரை சாமி மேலே பலகையில் குந்திக் காத்திருப்பார். கால் மரத்துப்போய் என்னைப் பார்த்து முகம் சுளிப்பார். எனக்கோ முதல் தரம் மட்டும் அழுகை வரும். இரண்டாம் தரம் ஒன்றும் இருக்காது. மூன்றாம் தரம் ராணிமேல் கோபம் வரும். எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது: பதினாலு நாள் காட்டில் கிடந்தாளே, இவள் என்ன சாப்பிட்டாள்? நாடக வாத்தியாரிடம் ஒரு தடவை கேட்டேன். “கயித்தப் பிடிடா” என்றார்.

போடியில், ஆவணி மாதம், ஆற்று மணல் கொட்டிப் பரப்பிய கொட்டகையில் ஆடினோம். ஆண்கள் பக்கம் கூரை உண்டு. பெண்கள் பக்கம் திறந்தவெளி. மூன்றாம் நாள் கொள்ளாத கூட்டம். ராணி ஒரு தரம் செத்தாள். எழுந்தாள். இரண்டாம் தரம் செத்தாள். மறுபடியும் “ஒன்ஸ்மோர்” கிளம்பியது. ராணி வேஷக்காரர் மெல்லக் கையூன்றி எழுந்திருக்கப் போவதைப் பார்த்தேன். என் கை தானாகக் கயிற்றை விட்டது. வேண்டுமென்று செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரையின் அடிமூங்கில் தடாலென்று மேடைப் பலகையில் விழுந்தது. விளக்கு ஒன்று உடைந்தது. கொட்டகை முழுக்கக் கூச்சல், தேங்காய்ச் சிரட்டை பறந்தது, மணலை வாரி வீசினார்கள். அன்று சாமி இறங்கவே இல்லை. ஆட்டம் அப்படியே கலைந்தது. முதலாளி அதே கயிற்றால் என்னை அடித்தார். உதடு கிழிந்தது. விடியும்போது நான் கொட்டகுடி ஆற்றோரமாக நடந்துகொண்டிருந்தேன்.

குரங்கணியில் இரண்டு மூன்று நாள் படுத்துக் கிடந்துவிட்டு மலையேறினேன். பாதி மலைக்கு மேல் மழை. கீழே போடி வெயிலில் வெள்ளையாகக் காய்கிறது. இங்கே மேகத்துக்குள் நடக்கிறோம். எதிரே வரும் ஆள் தெரிவதற்கு முன்னால் அவர் இருமல் கேட்கும். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்புத் தொடங்கி ஆள் பற்றாத நேரம். கங்காணி என் தோளைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. முன்பு என்ன வேலை என்று மட்டும் கேட்டார். மதுரைப் பக்கம் ஒரு நாடகக் கம்பெனியில் மந்திரி வேஷம் என்று சொல்லிவைத்தேன். அடிவாங்கி வந்தவனுக்கு ஒரு பொய் போர்வை மாதிரி. அன்றிலிருந்து என் பெயர் மந்திரி. “மந்திரி, விறகு கொண்டா”, “மந்திரி, வெரசா வா” என்று கூப்பிட்டார்கள். உலர்த்தும் கொட்டகையில் நெருப்புப் பார்க்கிற வேலை கிடைத்தது.

மூங்கில் தட்டுகளில் பச்சைக் காய் பரப்பியிருக்கும். கீழே நான் தீயை ஏற்றவும் தணிக்கவும் வேண்டும். பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய்ந்த காயில் காம்பு கிள்ளித் தரம் பிரிப்பார்கள். வெளியே மேகம் வாசலில் வந்து நிற்கும். உள்ளே ஏல வாசனையும் புகையும் கலந்து தலை லேசாகக் கிறுகிறுக்கும். எந்நேரமும் பாதித் தூக்கத்தில் இருப்பது போலிருக்கும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பணம் வாங்கி ஏறியவர்கள் எடுப்பு முடியும்வரை இறங்க முடியாது. ஆனால் போடிக்கு நாடகம் வந்தால் கங்காணி ஓர் ஆளை மட்டும் அனுப்புவார். போய்வரும் மூன்று நாளும் அந்த ஆளின் வேலையை மற்றவர்கள் செய்வார்கள். திரும்பி வந்து பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, பல நாள். அந்த வருஷம் காம்பு கிள்ளுகிற பெண்களில் ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். இரண்டு வருஷம் முன்பு மரக்கிளை விழுந்து கணுக்கால் நொறுங்கிக் கோணலாகக் கூடியிருந்தது. சரிவில் ஏற மாட்டாள் என்பதால் கொட்டகையில் இடம் கொடுத்திருந்தார்கள். போடிக்கு இறங்கியதே பொதிமாட்டு முதுகில்தான். அந்த இடம் போனால் அந்தக் காலோடு வழுக்குச் சரிவுக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போய் வழுக்கி விழுந்த ஒருவரை அந்த எடுப்பில்தான் புதைத்திருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

“ராணி காட்டுக்குள்ள போனா. மொதல்ல பசி தெரியல, குளுருதான் தெரிஞ்சுச்சு. சீலை நனைஞ்சு ஒடம்போட ஒட்டிக்கிருச்சு. பிழிய ஒரு மறைவு இல்ல. பெறகு யாரு இருக்கான்னு அவுத்துப் பிழிஞ்சா.”

“அட்டை கடிக்கலையாக்கா?” என்றாள் ஒரு சின்னப் பெண்.

“கடிக்காம? ராணின்னா அதுக்குத் தெரியவா போகுது. உப்பில்ல, பொகையிலை இல்ல. நகத்தால கிள்ளிக் கிள்ளி எறிஞ்சா.”

“என்னத்தத் தின்னா?”

நான் விறகை வைத்தபடி அப்படியே நின்றேன்.

“காட்டு நெல்லி. ரெண்டு நாளு அதுதான். பெறகு, யாரோ தேனெடுக்க வந்தவுக விட்டுட்டுப் போன தணலு ஒண்ணு, சாம்பலுக்குள்ள கெடந்துச்சு. அத ஊதுனா, ஊதுனா, கண்ணெல்லாம் தண்ணி. பிடிச்சுக்கிருச்சு. கெழங்கு சுட்டா. மொதக் கெழங்கு கருகிப் போச்சு, அதையும் தின்னா.” ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். “எங்கிட்டோ ஒரு பாட்டு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாரு பாடுறான்னு எனக்குத் தெரியல. ராணிக்கும் தெரியல. எவளுக்கோ பெரிய கஷ்டம் போலன்னு நெனச்சுக்கிட்டா.”

எட்டு மாதம் அந்தப் பாட்டை நான் கேட்டிருக்கிறேன். அதைப் பாடியவள் ராணி. இவள் சொல்கிற ராணியோ, தன் பாட்டைத் தூரத்தில் கேட்டு, யாருக்கோ கஷ்டம் என்று நினைக்கிறாள். அன்று தீயைக் கவனிக்காமல் விட்டு ஒரு தட்டுக் காய் நிறம் மங்கிவிட்டது. கங்காணி என்னைத் திட்டியது கூடக் காதில் சரியாக விழவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ சொன்னாள்: “ராணி பாறையில வழுக்கி விழுந்தா. எந்திரிச்சா. மறுபடியும் அங்கனயே விழுந்தா. அதே எடம், அதே வலி. அந்நேரந்தான் ஆனை வந்துச்சு. மரம் முறியுது, காடே கத்துது, மண்ணு வந்து மேல விழுகுது. ஒரு பெரிய மரத்துல பொந்து இருந்துச்சு. அதுக்குள்ள பூந்துக்கிட்டா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த எவரும் திரை விழுந்ததைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். இவள் அதைச் சொல்லவே இல்லை. ஆனால் ராணி இரண்டு தரம் விழுந்தாள் என்கிறாள், சரியாக அந்த இடத்தில் ஆனை வந்தது என்கிறாள். மூங்கில் விழுந்த சத்தம் என் காதில் மறுபடி கேட்டது. குனிந்து தீயைத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அரிசி ஏற்றிக்கொண்டு பொதிமாட்டுக்காரர் ஒருவர் வந்தார். நனைந்திருந்ததால் நெருப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தார். அவள் பொந்துக்குள் ராணி ஒண்டியிருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டார்.

“என்னாத்தா கதை விடுற? அந்த நாடகத்த நானும் பாத்தேன். ஆனையும் இல்ல, பூனையும் இல்ல. ராணி பாடிக்கிட்டே செத்தா. ரெண்டாந்தரம் செத்தப்ப எவனோ ஒரு மூதேவி திரையப் போட்டுட்டான். பெரிய கலவரம். என் தலைமேல ஒரு சிரட்டை விழுந்துச்சு, இந்தா பாரு வடு. அதெல்லாம் சொன்னியா நீ?”

பெண்களின் கைகள் நின்றன. வாசலில் இருந்த கங்காணி உள்ளே வந்தார்.

“மூணு நாளா ஒன் வேலைய இவுக அம்புட்டுப் பேரும் பாத்திருக்காக. நீ நாடகத்துக்குப் போகாம எங்க போன?”

அவள் தலையைக் குனிந்து காம்பு கிள்ளிக்கொண்டே இருந்தாள். மூட்டை தைக்கிற ஆள் ஒருவன், “எவனாச்சும் வேற நாடகம் காட்டிருப்பான் மாமா” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் காது சிவந்தது.

“வாயத் தெறக்க மாட்டியா? சரி. நாளைக்கு மேல்சரிவுக்குக் கூடை எடு” என்றார் கங்காணி.

பொதிமாட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? திரை இழுப்பவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? சும்மா இருந்தால் நான் மந்திரியாகவே இருந்திருக்கலாம். நெருப்பருகே இருந்த இடமும் நல்ல இடம். ஆனாலும் எழுந்தேன்.

“அந்த மூதேவி நான்தான்” என்றேன்.

“எந்த மூதேவி?” என்றார் கங்காணி.

“திரையப் போட்டவன். நான் மந்திரியும் இல்ல, மதுரையும் இல்ல. போடிக் கொட்டகையில கயிறு இழுத்தேன். அக்கா அங்கதான் இருந்தாங்க. ராணி ரெண்டு தரம் வழுக்கி விழுந்தான்னு சொன்னாங்கள்ல, அது ராணி ரெண்டு தரம் செத்தது. ஆனை வந்துச்சே, அது என் திரை. மண்ணு விழுந்துச்சே, அது சனங்க வீசுன மணல்.”

பொதிமாட்டுக்காரர் எழுந்து என்னை அடிக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, “நல்லா வாங்கிருக்க போல” என்று மறுபடி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவள் பேசினாள். யாரையும் பார்க்காமல், காயைப் பார்த்தே பேசினாள்.

“தூங்கிட்டேன். மூணு மாசமா முதுகு காயல எனக்கு. அந்த மணல்ல உக்காந்தேன். பகல் பூரா வெயில் குடிச்ச மணலு, அடியில கைய விட்டா அடுப்பாங்கரை மாதிரி இருந்துச்சு. செத்த நேரம் சாயலாம்னு சாஞ்சேன், அம்புட்டுத்தான். பாட்டு மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. முழிச்சா மணலு ஆறிப் போச்சு, பக்கத்துல சிரட்டை கெடக்குது, ஆளுக போயிக்கிட்டு இருக்காக.”

“அத வந்தன்னைக்கே சொல்றதுக்கென்ன?” என்றார் கங்காணி.

“அம்புட்டுப் பேரும் எஞ் சோலியையும் சேத்துப் பாத்து அனுப்பிருக்கீக. தூங்கிட்டு வந்தேன்னு எந்த வாயால சொல்ல? கனாவுல கண்டதச் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்த ஒரு பெண் தன் கம்பளியின் ஓரத்தைப் பிழிந்து பார்த்தாள். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் முதுகு நனைந்துதான் இருந்தது. காய்ந்த மணலில் சாய்ந்தால் யாருக்குத்தான் கண் மூடாது?

அட்டையைப் பற்றிக் கேட்ட சின்னப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். பொதிமாட்டுக்காரரைப் பார்த்து, “அண்ணே, நீங்கதான் முழுசாப் பாத்தீகளே. காட்டுல ராணி என்னத்தத் தின்னா?”

“தின்னாளா? பதினாலு நாளும் பாடுனா.”

“பதினாலு நாளுமா?”

“ஆமா. பாட்டுத்தான்.”

“தின்னாமப் பாடிக்கிட்டே இருந்தா சாகாம என்ன செய்வா?” என்றாள் அவள். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. பொதிமாட்டுக்காரரும் சிரித்துவிட்டார். கங்காணி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் இவள் பக்கம் திரும்பினாள். “அக்கா, ஆனை போயிருச்சா? பொந்துக்குள்ள இருக்காளே.”

“தெரியலத்தா. அங்கனதான் முழிப்பு வந்துருச்சு.”

கங்காணி ஒருவரைத் தண்டிக்காமல் வெளியே போனால் அவர் மரியாதை என்னாவது? என்னைப் பார்த்தார். “பொய் சொல்லி நெருப்புக் காஞ்சவன் நீ. நாளைக்கு நீ மேல்சரிவுக்குக் கூடை எடு. இவ இங்கயே இருக்கட்டும்.”

எடுத்தேன். மழை, அட்டை, முழங்கால்வரை சேறு. அவ்வளவுதான், மற்றவர்களுக்கு இருந்தது எனக்கும் இருந்தது. என் பெயர் மட்டும் மாறியது. மந்திரி போய் ஆனை ஆனேன். “ஆனை வருது, ஒதுங்குங்க” என்பார்கள்.

எடுப்பு முடிந்ததும் நான் வழக்கம்போல வேறு ஊர் போயிருக்க வேண்டும். போகவில்லை. களையெடுப்புக்கும் நின்றேன், குளிர்காலம் முழுக்க நின்றேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் முழுசாக நான் நின்றது அந்த ஒரு தடவைதான். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ராணி பொந்துக்குள் இருந்தாள். பலநாள் சரிவில் மேகம் கலையும்போது, எதிர்மலையில் ஒரு மரம் மட்டும் கருப்பாகத் தெரியும். அதன் அடியில் புகை எழுவதுபோல இருக்கும். பிறகு மறைந்துவிடும்.

அடுத்த ஆவணியில் போடிக்கு வேறொரு கம்பெனி வந்தது, அதே கதையோடு. யாரை அனுப்புவது என்று யாரும் கேட்கவே இல்லை. அவளைப் பொதிமாட்டில் ஏற்றிவிட்டார்கள். பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்று கத்தினார்கள்.

“அக்கா, போன தடவ மாதிரியே நல்லாத் தூங்கிட்டு வாங்க!”

“மிச்சத்தையும் கண்டுட்டு வாங்க! முழிச்சுக்கிட்டு எங்களக் கெடுத்துறாதீக!”

கங்காணியே சிரித்தார். அவள் கையசைத்துக்கொண்டு மேகத்துக்குள் போனாள். மாட்டு மணி கொஞ்ச நேரம் கேட்டது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். மறுநாள் மத்தியானம் நானும் கூடையை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். அவள் சொன்னாள். மணல் சூடாகத்தான் இருந்ததாம். சாய்ந்தாளாம். இத்தனை பேர் எதிர்பார்த்திருக்கிறார்களே என்ற நினைப்பில் கண் மூடவே இல்லை. எழுந்து உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்துவிட்டாள்.

பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ராஜா சந்தேகப்பட்டான், ராணி பாடினாள், ராஜா பாடினான், ராணி மூன்று தரம் செத்தாள், சாமி இறங்கினார். பாட்டின் முதல் அடிகளைக் கூட மனப்பாடம் செய்து வந்திருந்தாள். எல்லாம் சரி, நான் இழுத்த திரையின் மேல் சத்தியமாக எல்லாம் சரி. பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். காம்பு கிள்ளுகிற கைகள் ஒரு தடவை கூட நிற்கவில்லை.

முடிந்ததும் சின்னப் பெண் மெதுவாகக் கேட்டாள். “பொந்துக்குள்ள இருந்தவ?”

அவள் வெளியே பார்த்தாள். மேகம் வாசல்வரை வந்திருந்தது.

“அவ அங்கனதான் இருக்கா” என்றாள்.

அந்த எடுப்பு முடிந்ததும் நான் மலையிறங்கினேன். அதற்குப் பிறகு பல ஊர், பல வேலை. நல்ல பாட்டுக்காரர்கள் என்று பேர்பெற்றவர்களைக் கேட்டேன். சனங்கள் அழுதார்கள், நான் பசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வெட்கப்படவில்லை. பெருமைப்படவும் இல்லை.

இப்போது பயாஸ்கோப்புக் கூடாரத்துக்குப் போகிறேன். அதே ஆற்று மணல்தான் அங்கேயும் கொட்டியிருக்கிறார்கள். முன்வரிசையில் கையை மணலுக்குள் புதைத்துக்கொண்டு சாய்வேன். பின்னால் இயந்திரம் ஓடுகிற சத்தம், ஏல இலைமேல் விழும் தூறல் மாதிரி, நிற்காமல் கேட்கும். கண்ணை மூடுவேன். பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிப்பார். “என்னய்யா, தூங்கவா டிக்கெட்டு வாங்குனீரு?”

“ஆமா” என்பேன். இதுவரை தூக்கம் வந்ததில்லை. மணல் ஆறுகிறவரை கண்ணை மூடியே கிடப்பேன்.